சமூக அறிவியலுக்கென்றே ஒரு டியூஷன்: கோத்தகிரி மாலை வகுப்பில் ஓராண்டு

கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்றால் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். சமூக அறிவியலை "உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்" என்று சொல்லி வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிப்பவள். கணக்கில் எண்பதுக்குக் குறையாதவள், சென்ற ஆண்டு நடந்த முதல் தேர்விலேயே சமூக அறிவியலில் 54 மதிப்பெண் வாங்கி வந்து, விடைத்தாளை என்னிடம் காட்டாமல் பைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தாள். அதன்பிறகுதான், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வீட்டு முன்னறையில் இந்தப் பாடத்தை மட்டும் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்த்தேன். ஓராண்டு முடிந்து தேர்வு முடிவும் வந்துவிட்டது. இதே கவலையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் நிறை குறை இரண்டையும் எழுதுகிறேன்.

மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் ஏழு வரையிலும் சனிக்கிழமை காலையிலும் வகுப்பு. பதினான்கு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. அறையில் அவ்வளவுதான் இடம். கட்டணம் மாதம் 600 ரூபாய். இருவர் ஒரே வீட்டிலிருந்து வந்தால் இரண்டாமவருக்குப் பாதி. இதற்கு முன் ஒரு மாதம் வேறொரு டியூஷன் மையத்துக்கு மகளை அனுப்பியிருந்தேன். அங்கே கைடு புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, விடையில் எந்தெந்த வரியை அடிக்கோடிட வேண்டும் என்று வாசித்துக் காட்டி, மறுநாள் அதையே ஸ்லிப் டெஸ்ட்டாக வைத்தார்கள். அந்த மாத முடிவில் அவளுக்கு வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் ஐந்து கூறுகள் மனப்பாடமாக இருந்தன. எந்தப் போருக்குப் பின் அது கையெழுத்தானது என்று கேட்டால் தயங்கினாள்.

பாடத்தின் பாரத்தை அறியாத பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல், வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பகுதிகள் கொண்டது. முதல் உலகப்போரில் தொடங்கித் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் வரை வரலாறு மட்டும் பத்து அலகுகள். தேர்வு மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2. இதில் ஐந்து மதிப்பெண் வினாக்களே ஐம்பதைக் கொண்டு போகின்றன. காலக்கோடும் வரைபடமும் தவறாமல் வரும். எனவே துண்டு துண்டாக மனப்பாடம் செய்த பிள்ளை நடுப்பகுதியில் திணறிவிடும்.

இந்த வகுப்பின் தனிச்சிறப்பு முதல் நாளே சுவரில் தெரிந்தது. அறையின் நீளவாக்கில் ஒரு நூல்கயிறு கட்டியிருக்கிறார். ஓர் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் என்ற கணக்கில் 1799 முதல் 1950 வரை நாலரை மீட்டர். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட ஆண்டு இடது கோடியில், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு வலது கோடியில். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தாங்களே அட்டையில் நிகழ்ச்சியை எழுதி, அளவுகோல் வைத்து அளந்து, துணி கிளிப்பில் மாட்டுவார்கள். ஆகஸ்டில் நான் மகளை அழைக்கப் போனபோது அந்தக் கயிற்றைப் பார்த்தேன். வேலூர்ப் புரட்சி நடந்த 1806-க்கும் 1857-க்கும் இடையே கயிறு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. 1914-க்குப் பின் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. 1919-இல் மட்டும் கிளிப் போட இடமில்லாமல் ரௌலட் சட்டம், ஜாலியன் வாலாபாக், வெர்செய்ல்ஸ், மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் ஆகிய நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரம்போல் தொங்கவிட்டிருந்தார்கள். "ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தான அதே வருஷம்தான் நம்ம ஊரில் சுட்டிருக்காங்கம்மா" என்று மகள் சொன்னபோது, இரண்டு வெவ்வேறு அலகுகளில் இருக்கும் செய்திகளை அவளாகவே சேர்த்துப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. காலக்கோட்டு வினாவுக்கு அவள் தனியாக எதையும் படிக்கவில்லை.

அதே கயிற்றில் நீலகிரிக்கென்று பச்சை நிற அட்டைகள் உண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-இல் இந்த மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் வந்து பங்களா கட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ரயில் ஓடியது. பூனா ஒப்பந்தத்துக்குப் பின் தீண்டாமைக்கு எதிராக நாடு சுற்றிய காந்தியடிகள் 1934-இன் தொடக்கத்தில் குன்னூருக்கு வந்து தங்கினார். பாடநூலில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. தேர்வில் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் பாடநூலில் உள்ள ஆண்டுகள் பிள்ளைகள் மனத்தில் நிற்பதற்கு இந்தப் பச்சை அட்டைகள் முளைக்குச்சிபோல் உதவின.

கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவன் பங்களாவுக்கு ஒரு சனிக்கிழமை ஆசிரியை பிள்ளைகளை நடத்தியே அழைத்துச் சென்றார். அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நான் மதிக்கிறேன். பழைய படங்களைக் காட்டி முடித்தபின், "சல்லிவன் வந்தபோது இங்கே யார் இருந்தார்கள், எதைப் பயிரிட்டார்கள், எங்கே மாடு மேய்த்தார்கள்?" என்று கேட்டுப் பிள்ளைகளைத் தத்தம் வீட்டில் விசாரித்து வரச் சொன்னார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று ஒவ்வொருவர் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வந்தார்கள். எங்கள் வீட்டில் மாமனார் சாமை, கொரளி போன்ற சிறுதானியங்கள் விளைந்த நிலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மலையைக் "கண்டுபிடித்தார்" என்று எழுதிய பிள்ளையின் தாளில் அந்தச் சொல்லை மட்டும் வட்டமிட்டு, "முதலில் இருந்தவர்களைக் கேள்" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

புவியியல்தான் இந்த வகுப்பின் உச்சம். பருவக்காற்று என்ற பாடத்தை ஜூன் மாதத்தில் தொடங்கி நவம்பரில்தான் முடித்தார். இடையில் மற்ற பாடங்கள் நடந்துகொண்டிருந்தன. பக்கவாட்டு நேராக உள்ள ஒரு டப்பாவை மாடியில் வைத்து, தினம் காலை எட்டு மணிக்கு அளவுகோலால் நீர்மட்டத்தை அளந்து குறிக்க வேண்டும். பந்தலூர் பக்கம் தேவாலாவில் வசிக்கும் ஆசிரியையின் உறவினர் ஒருவர் அதே போன்ற டப்பாவின் அளவைத் தொலைபேசியில் தினமும் சொல்வார். ஜூலையில் தேவாலாக் கணக்கு பக்கம் பக்கமாக ஏற, எங்கள் டப்பாவில் பல நாட்கள் சாரல் ஈரம் மட்டுமே இருந்தது. "ஒரே மாவட்டம்தானே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டபிறகுதான் அவர் பாடநூலைத் திறந்தார். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்துவிடுகிறது. நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். அக்டோபர் பிறந்ததும் கணக்கு தலைகீழாக மாறியது. வங்கக் கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கிய கோத்தகிரியிலும் குன்னூரிலும் முட்டியது. எங்கள் டப்பா நிரம்பியது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது என்ற பாடநூல் வரியை அவர்கள் தம் கைப்பட எழுதிய அட்டவணையோடு சேர்த்துப் படித்தார்கள். 2009 நவம்பரில் இதே மழையில்தான் மலைச்சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களைக் கண்ட பெற்றோரிடம் கேட்டு எழுதி வரும்படியும் ஒரு பணி கொடுத்தார். என் கணவர் அன்று பாதை அடைபட்டு இரண்டு நாள் வீடு திரும்ப முடியாமல் போனதை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக மகளிடம் முழுதாகச் சொன்னார்.

கோடநாடு காட்சிமுனைக்குச் சென்ற நாள் நானும் துணைக்குப் போனேன். பலமுறை விருந்தினரோடு போய்ப் படம் எடுத்துக்கொண்ட இடம்தான். அன்று ஆசிரியை ஒரு பெரிய வெற்றுத் தாளை விரித்து, கண்ணில் படுவதை மட்டும் வரையச் சொன்னார். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, தொலைவில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு, எதிரே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. மாயாறு பவானியில் சேர்வதையும், பவானி காவிரியில் சேர்வதையும் அந்தத் தாளிலேயே நீட்டி வரைய வைத்து, "இப்போது புத்தகத்தில் உள்ள தமிழ்நாடு வரைபடத்தை எடுங்கள்" என்றார். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நீலகிரியில் சந்திக்கின்றன என்ற ஒரு மதிப்பெண் விடை, அந்த முனையில் நின்றவர்களுக்கு மறக்காது. அன்றிலிருந்து வகுப்பில் வரைபடப் பயிற்சி எல்லாம் நம் மலையில் பென்சிலை வைத்துத் தொடங்கி வெளியே போகும் முறையில் நடந்தது: முதலில் நீலகிரி, பிறகு பவானி, காவிரி, கொல்லிமலை, வேதாரண்யம் என்று. வாரம் இரண்டு வெற்று வரைபடம் நிரப்ப வேண்டும். என் மகள் தொடக்கத்தில் நீலகிரியைத் தேனிக்கு அருகில் குறித்தவள். அரையாண்டில் வரைபடத்துக்கு முழு மதிப்பெண் வாங்கினாள்.

மண்வகை, காடு, கனிமம் ஆகியவற்றை வேகமாகவே முடித்தார். நம் தேயிலைக்குச் சரளை மண், சோலைக் காடும் புல்வெளியும் மாறி மாறி இருக்கும் மேட்டுநிலம், 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமே இந்தியாவின் முதலாவது என்பன போன்ற செய்திகள் வந்து போயின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குடிமையியல் வகுப்பில் நடந்த ஒன்றைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குடியுரிமை பெறும் ஐந்து வழிகளைப் பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைவு என்று பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்த நாளில், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு மாணவன், "எங்க அப்பாயி சிலோன்ல பொறந்தவங்க, அவங்க எந்த வழி டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். ஆசிரியை அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வகுப்புக்கு அந்தப் பாட்டியையே அழைத்து வரும்படி கேட்டுக்கொண்டார். பாட்டி மஞ்சள் பையில் சுற்றிய பழைய கடவுச்சீட்டோடு வந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாம், பிறகு பஸ்ஸில் மலையேறித் தேயிலை வேலைக்குச் சேர்ந்தது எல்லாவற்றையும் அரைமணி நேரம் சொன்னார். மகள் அதை வீட்டுக்கு வந்து அப்படியே திரும்பச் சொன்னாள். கடவுச்சீட்டைப் பிள்ளைகள் கைமாற்றிப் பார்த்தபோது, உள்ளே ஒட்டியிருந்த படத்தில் பாட்டியின் மடியில் இருந்த கைக்குழந்தைதான் அந்த மாணவனின் தந்தை என்று தெரிந்ததாம். அதன்பின் ஆசிரியை 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும், இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் குடிமக்களாக ஏற்பதென்று முடிவானதையும், இப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதையும் விளக்கி, "பாட்டி பதிவின் மூலம்" என்று விடையைக் கொடுத்தார். இந்தியாவின் சர்வதேச உறவுகள் என்ற அலகில் இலங்கை வரும்போது இந்தப் பாட்டியை நினைக்காத பிள்ளை அந்த வகுப்பில் இருக்க முடியாது.

சட்டமன்றம், நீதிமன்றம், நிர்வாகம் என்ற மூன்றையும் விளக்க, 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையை எடுத்துக்கொண்டார். உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். செயல்படுத்துவது மாவட்ட நிர்வாகம். நம் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குச் செல்வோர் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என மூன்று தொகுதிகளின் உறுப்பினர்கள். சாலையில் வாகனச் சோதனையைத் தினம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் பிடிபட்டது.

இனி குறை. பொருளியலை இந்த ஆசிரியை ஜனவரிக்குத் தள்ளிவிட்டார். ஐந்து அலகுகளையும் மூன்றே வாரத்தில், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை எழுதிப்போட்டு முடித்தார். மற்ற மூன்று பகுதிகளிலும் கயிறும் டப்பாவும் பாட்டியும் வந்த வகுப்பில், பொருளியலுக்கு மட்டும் கரும்பலகை விடைகள்தான். தேயிலைச் செடி வாசலில் நிற்கும் ஊரில் பொருளியலை இப்படி நடத்தியது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இறுதிப் பண்டங்களை மட்டுமே கணக்கிட வேண்டும், இடைநிலைப் பண்டங்களைச் சேர்த்தால் இருமுறை எண்ணியதாகிவிடும் என்ற வரி மகளுக்கு விளங்கவேயில்லை. ஒரு நாள் இரவு ஃபேக்டரியில் கொடுத்த இலைச் சீட்டை என் மாமனார் மேசைமேல் வைத்துக்கொண்டு அவளுக்கு விளக்கினார். "நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போட்டாத்தான் ஒரு கிலோ தூள் வரும், அம்மிணி. நாம வித்த இலையோட விலையும் அந்தத் தூள் விலைக்குள்ள இருக்குது. ரெண்டையும் கூட்டினா நம்ம இலையை ரெண்டு தடவை வித்த கணக்காயிரும்." அத்தோடு அவர் நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் நம் தூளை மொத்தமாக வாங்கியது ரஷ்யாக்காரர்கள் என்றும், அந்த நாடு உடைந்தபின் குன்னூர் ஏலத்தில் தூள் தேங்கி, தொண்ணூறுகளின் இறுதியில் இலை விலை சரிந்து, பறிகூலிக்கே கட்டாமல் செடியை அப்படியே விட்டுவிட்ட ஆண்டுகளையும் சொன்னார். மகள் எழுந்துபோய் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வந்து, பனிப்போர் அலகில் 1991-இல் சோவியத் யூனியன் சிதறியது என்ற பக்கத்தைத் தாத்தாவுக்குக் காட்டினாள். "இதேதான்" என்றார் அவர். உலகமயமாதல் அலகில் வரும் உலக வர்த்தக அமைப்பு 1995-இல் தொடங்கியது என்ற செய்தியும் அதன் அருகிலேயே பொருந்தி உட்கார்ந்தது. வரிகள் பற்றிய அலகுக்குக் கடையில் வாங்கிய தேயிலைத்தூள் பில்லை எடுத்து வைத்தேன்: மத்திய ஜி.எஸ்.டி. 2.5 விழுக்காடு, மாநில ஜி.எஸ்.டி. 2.5 விழுக்காடு என்று அதிலேயே அச்சாகியிருந்தது. இவ்வளவும் வகுப்பில் நடந்திருக்க வேண்டியவை. தேயிலை இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

சிறு குறைகள் வேறு சிலவும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஏழு மணிக்கு வகுப்பு விடும்போது நல்ல இருட்டு, பனியும் மிகுதி. தொலைவிலிருந்து வருவோர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஆறே முக்காலுக்கே எழுந்து ஓட வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதமாவது அரைமணி முன்னதாகத் தொடங்கலாம். எழுதித் திருத்தும் பயிற்சி தரமானது என்றாலும், முழு மூன்று மணி நேரத் தேர்வை அவர் இரண்டு முறைதான் வைத்தார். நேரத்துக்குள் முடிக்கும் பழக்கத்துக்கு அது போதாது. திருத்திய தாளில் மதிப்பெண்ணைவிடக் குறிப்புகளே அதிகம் எழுதுவார். பிள்ளைகளுக்கு அது நன்மையே. உடனே மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

மகள் பொதுத்தேர்வில் 89 எடுத்தாள். பொருளியல் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை நேரமில்லாமல் பாதியில் விட்டதாகச் சொன்னாள். ஆசிரியையைச் சந்தித்து நன்றி சொன்னபோது, பொருளியல் பற்றிய என் மனக்குறையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் கேட்டு, வரும் ஆண்டில் பொருளியலை ஆகஸ்டிலேயே தொடங்குவதாகவும், இலைச் சீட்டோடு என் மாமனாரை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். மாமனார் சம்மதித்துவிட்டார்.

ஒரே மாதத்தில் மதிப்பெண்ணைத் தூக்கிவிட வேண்டும் என்போருக்கும், பிப்ரவரியில் வந்து சேர நினைப்போருக்கும் இந்த வகுப்பு சரிப்படாது. டப்பாவில் மழை அளக்க ஜூன் முதல் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் நான்கைந்து பேர் சேர்த்துக்கொள்கிறார். சேர்க்கை பள்ளி திறக்கும் வாரத்தில். அட்லஸ் ஒன்று, முப்பது சென்டிமீட்டர் அளவுகோல், பக்கவாட்டு நேரான டப்பா ஒன்று கொண்டுவரச் சொல்வார். என் மகன் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. அக்காவின் டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறோம்.